20 லிட்டர்ல ஒரு பவளத் தொட்டி, மீனே இல்லாம: செலவைச் சுருக்கி ஓட்டின ஒரு டேங்கோட முழு நிகழ்வு ஆய்வு

இங்க பாக்கப்போற தொட்டி 30 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம், 27 செ.மீ. உயரம். கணக்குக்கு 20 லிட்டர். மேல கொஞ்சம் இடம் விட்டு, உள்ள கல்லும் மணலும் போட்டதுக்கு அப்புறம் நிஜமா நிக்கிற தண்ணி 15 லிட்டர்தான். உள்ள இருக்கிறது உப்புத் தண்ணி, உயிருள்ள பவளம், சில நத்தைங்க, ஒரு ஹெர்மிட் நண்டு. மீன் கெடையாது. ஸ்கிம்மர் (நுரையால கழிவை எடுக்கிற கருவி), சில்லர் (தண்ணியக் குளிர வைக்கிற மெஷின்), டோசிங் பம்ப் (சத்துக் கரைசலை அளந்து விடுறது), தானா தண்ணி ரொப்புற சிஸ்டம் எதுவும் கெடையாது. ஒரு வருஷத்துக்கு மேல ஓடிட்டு இருக்கு, வச்ச பவளம் எல்லாமே பெருகி நிக்குது, சிலது வெட்டி மத்தவங்களுக்குக் குடுக்கிற அளவுக்கு வந்துடுச்சு.

ஆரம்பிக்கும்போது ரெண்டு கண்டிஷன் போட்டுக்கிட்டேன். செலவு எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைக்கணும், ஆனா அந்தச் சிக்கனத்தால உள்ள இருக்கிற எந்த உயிரும் கஷ்டப்படக் கூடாது. இந்த ரெண்டாவது கண்டிஷன்தான் மத்த எல்லா முடிவையும் இழுத்துட்டுப் போச்சு. மலிவா சாமான் எங்க கிடைக்கும்னு தேடி சின்ன தொட்டில பெருசா மிச்சம் பண்ண முடியாது. என்ன வளர்க்கப் போறோம்னு முடிவு பண்ற இடத்துலயே செலவுல பாதி முடிவாயிடுது, அதைத்தான் முதல்ல சொல்லணும்.

முதல் முடிவு: யார் உள்ள இருக்கப் போறாங்க

கல் பவளம், அதாவது அக்ரோபோரா மாதிரி சுண்ணாம்பு எலும்புக்கூடு கட்டுற வகை, தண்ணில இருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்து தன் உடம்புக்கு அடியில அடுக்கிக்கிட்டே போகும். பெரிய தொட்டில அது எடுக்கிறது மெதுவாத்தான் தெரியும். 15 லிட்டர்ல நல்லா வளர்ற ரெண்டு மூணு கிளை போதும், ஆல்கலினிட்டி, அதாவது தண்ணில இருக்கிற கார்பனேட் அளவு, நாளுக்கு நாள் எறங்கும். அப்போ தினமும் டோஸ் பண்ணணும், அதுக்கு பம்ப் வேணும், அடிக்கடி டெஸ்ட் பண்ணணும், வெளிச்சமும் ஜாஸ்தி வேணும், அந்த வெளிச்சம் தர்ற சூட்டை எறக்க வேற வழி பாக்கணும். ஒரு பவளத்தை வாங்கினா அதுக்குப் பின்னாடி ஒரு வரிசை மெஷின் வருது.

சாஃப்ட் கோரல், அதாவது மென்மையான பவளம், அதோட கதை வேற. டிஸ்கோசோமா மஷ்ரூம், ஸோவாந்திட், கிரீன் ஸ்டார் பாலிப் இதெல்லாம் பெரிய சுண்ணாம்புக் கூடு கட்டாது. வாரா வாரம் கொஞ்சம் தண்ணி மாத்தினாலே அதுங்களுக்குத் தேவையானது வந்து சேர்ந்துடும். நடுத்தர வெளிச்சம் போதும். மூணுமே தன் உடம்புக்குள்ள இருக்கிற நுண்பாசி ஒளிச்சேர்க்கை பண்ணித் தர்ற சக்கரைலதான் பெரும்பகுதி வாழுது, அதனால தினமும் சோறு போட வேண்டிய கட்டாயம் இல்ல.

மீன் விஷயத்துல நிறைய பேர் என்கிட்ட சண்டைக்கே வந்துட்டாங்க. கடல் தொட்டின்னு சொல்லிட்டு மீன் இல்லன்னா எப்படின்னு. க்ளவுன் மீனுக்கு இந்த இடம் பத்தாது, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல, முழுசா வளர்ந்த ஒரு ஜோடிக்கு நீந்தத் திரும்ப இடம் வேணும். சின்ன கோபி ஒண்ணு இருக்கலாம்னு சொல்வாங்க, இருக்கலாம்தான். ஆனா மீன் வந்த அன்னைக்குல இருந்து தினமும் தீனி போடணும், தீனி கழிவாகும், கழிவு அமோனியாவாகும், கடல் தண்ணியோட பிஎச் 8.1-ல இருந்து 8.4 வரைக்கும் இருக்கிறதால அந்த அமோனியால விஷமான பங்கு நல்ல தண்ணித் தொட்டில இருக்கிறதை விட அதிகம். 15 லிட்டர்ல அதைத் தாங்கிக்க இடமே இல்ல. மீனைத் தவிர்த்ததால ஸ்கிம்மர் தேவைப்படல, பெரிய ஃபில்டர் தேவைப்படல, தினசரித் தீனிச் செலவு இல்ல, கரண்ட் போனா ஆக்சிஜனுக்கு அலறி ஓட வேண்டியதும் இல்ல. மீன் இல்லாத தொட்டில கண்ணு தானா சின்ன உயிர்ங்க மேல போகும். கண்ணாடில ஊர்ற கோப்பிபாட் (பொடி ஓட்டுயிர்), ராத்திரி கல்லு சந்துல இருந்து எட்டிப் பாக்குற ப்ரிஸில் புழு, மணலுக்குள்ள இருந்து தும்பிக்கை மாதிரி குழாய நீட்டுற நஸாரியஸ் நத்தை, இதெல்லாம் மீன் இருந்தா யாரும் உக்காந்து பாக்க மாட்டாங்க.

தண்ணி

இதுல மட்டும் சிக்கனம் பாக்கவே கூடாது. குழாய்த் தண்ணில குளோரின், சில ஊர்ல குளோரமைன், பாஸ்பேட், நைட்ரேட், சிலிக்கேட், பழைய பைப்பா இருந்தா செம்பு கூட இருக்கும். செம்பு முதுகெலும்பில்லாத உயிருங்களுக்கு ரொம்ப சின்ன அளவுலயே விஷம், நத்தையும் நண்டும் முதல்ல போகும். அதனால ஆர்ஓ டிஐ தண்ணி (சவ்வு, பிசின் ரெண்டுலயும் வடிகட்டினது) இல்லன்னா காய்ச்சி வடிச்ச தண்ணி, டிடிஎஸ் மீட்டர்ல (கரைஞ்சிருக்கிற பொருளோட அளவைக் காட்டுறது) 0 காட்டணும்.

ஆனா இங்கதான் சின்ன தொட்டியோட லாபம் வருது. வாரத்துக்கு 3 லிட்டர் தண்ணி மாத்தறோம், ஆவியாப் போறதுக்கு ஈடா இன்னொரு 2 லிட்டர் ஊத்தறோம், மொத்தம் 5 லிட்டர். இதுக்குன்னு ஒரு ஆர்ஓ டிஐ மெஷின் வாங்கி மாட்டறது வீண். கேன்ல சுத்தமான தண்ணி வாங்கிக்கலாம், மெஷின் வச்சிருக்கிற இன்னொரு தொட்டிக்காரர்கிட்ட பிடிச்சுக்கலாம். வீட்டுல குடிக்க வச்சிருக்கிற ஆர்ஓ-வை அப்படியே நம்பக் கூடாது, நிறைய மாடல்ல ருசிக்காக தாது உப்பைத் திரும்பக் கலந்து விடுவாங்க, டிடிஎஸ் மீட்டரை நீட்டினா உடனே தெரிஞ்சிடும். 0 இல்லன்னா அதுல என்ன கரைஞ்சிருக்குன்னு மீட்டர் சொல்லாது, அது எண்ணிக்கை மட்டும்தான் சொல்லும்.

உப்பும் அதே கணக்கு. லிட்டருக்கு ஏறக்குறைய 36 கிராம் சால்ட் மிக்ஸ் போட்டா 35 பிபிடி (ஆயிரம் பங்கு தண்ணில 35 பங்கு உப்பு) வரும், பிராண்டுக்குப் பிராண்டு கொஞ்சம் மாறும். 3 லிட்டருக்கு 110 கிராம் சுமார், வருஷம் முழுக்க 6 கிலோவுக்குள்ள. பெரிய தொட்டிக்காரங்க ஒரே தடவைல கரைக்கிற உப்பு நமக்கு வருஷக்கணக்குல வரும். அதனால உப்புல நல்ல பிராண்டு வாங்கறதுக்கு யோசிக்கவே வேண்டாம், வித்தியாசம் அவ்வளவு கம்மி. சமையல் உப்பு போடலாமான்னு அடிக்கடி கேக்கறாங்க, கண்டிப்பா கூடாது. கடல்ல கரைஞ்சிருக்கிற உப்புல பெரும்பகுதி சோடியமும் குளோரைடும்தான், ஆனா மிச்சத்துல இருக்கிற சல்ஃபேட், மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், கார்பனேட் இல்லாம பவளத்தால ஒரு வாரம் கூட ஒழுங்கா இருக்க முடியாது. பாக்கெட்டைத் திறந்தா காத்துப் புகாத டப்பால கொட்டி வைங்க, ஈரம் ஏறினா கட்டியாகி கலவையும் கெடும். அள்ளறதுக்கு முன்னாடி டப்பாவை நல்லா உருட்டிக் குலுக்குங்க, கனமான துகள் அடியில போய் உக்காந்திருக்கும்.

உப்பளவு பாக்க ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கினேன். முள்ளு ஆடுற பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர் மலிவு, ஆனா முள்ளுல ஒரு சின்ன காத்துக் குமிழி ஒட்டினா ரீடிங் தப்பாகும். ரிஃப்ராக்டோமீட்டரையும் வெறும் காய்ச்சி வடிச்ச தண்ணில மட்டும் செட் பண்ணா போதாது, நிறைய கருவி சாதா உப்புக் கரைசலுக்குன்னு அளவு குறிச்சது, கீழ 0 சரியா இருந்து மேல 35-ல தள்ளி நிக்கும். 35 பிபிடி காலிப்ரேஷன் திரவம் ஒரு சின்ன பாட்டில் வாங்கி அதுல செட் பண்ணணும்.

ஆவியாதல்தான் இந்த சைஸ்ல நிஜமான எதிரி. ஒரு நாளைக்கு 250 மில்லி போகுதுன்னு வைங்க. உப்பு எங்கயும் போகாது, தண்ணி மட்டும்தான் போகும். 15 லிட்டர்ல 35 பிபிடியா இருந்தது அடுத்த நாள் 35.6. ஒரு வாரம் யாரும் ஊத்தலன்னா 1.75 லிட்டர் போயிருக்கும், உப்பளவு கிட்டத்தட்ட 39.6. இதே 250 மில்லி 300 லிட்டர் தொட்டில ஒரு வாரம் போனாலும் உப்பளவு அசையறது கூடத் தெரியாது. தானா ரொப்புற சிஸ்டத்துக்குப் பதிலா கண்ணாடில தண்ணி மட்டத்துக்கு ஒரு சின்ன டேப் ஒட்டினேன், தினமும் காலைல அந்தக் கோடு வரைக்கும் உப்பில்லாத சுத்தத் தண்ணி ஊத்தறது. மேல ஒரு தெளிவான அக்ரிலிக் மூடி, காத்துப் போக்குவரத்துக்கு ஓரத்துல இடைவெளி விட்டு. ஊருக்குப் போற சமயம் ஒவ்வொரு நாளைக்கும் அளந்து ஊத்தின குட்டி பாட்டில்களை வரிசையா வச்சுட்டுப் போனா பக்கத்து வீட்டுக்காரங்களால கூட செய்ய முடியும், அளக்கற வேலையை மட்டும் அவங்ககிட்ட குடுக்கக் கூடாது.

கல்லு, மணல், சாமான்

1961-ல இந்தோனேஷியாவைச் சேர்ந்த லீ சின் எங், பவளத்திட்டுல இருந்து எடுத்த உயிருள்ள கல்லு, காத்துக் குமிழி, வெளிச்சம் இவ்வளவுதான் வச்சு கடல் தொட்டி ஓட்டின முறையை எழுதினார். ஃபில்டர்னு தனியா எதுவும் இல்ல, கல்லுதான் ஃபில்டர். இவ்வளவு வருஷம் கழிச்சும் சின்ன தொட்டிக்கு அதைவிட மலிவான வழி யாரும் கண்டுபிடிக்கலன்னு நான் நினைக்கிறேன். கல்லோட வெளி ஓட்டைகள்ல இருக்கிற பாக்டீரியா அமோனியாவை நைட்ரைட்டாவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாவும் மாத்தும், ஆக்சிஜன் எட்டாத உள் பகுதில வேற பாக்டீரியா நைட்ரேட்டை வாயுவா மாத்தி வெளிய விடும்.

முழுக்க லைவ் ராக் (அந்த உயிருள்ள கல்லு) வாங்கினா செலவு ஏறும், கூடவே வேண்டாத விருந்தாளியும் வரும். அதனால சுமார் 2 கிலோ கல்லுல பெரும்பகுதி காஞ்ச கல்லு, கூட ஒரு கைப்பிடி அளவு லைவ் ராக், வேற ஒருத்தரோட பழைய ஆரோக்கியமான தொட்டில இருந்து. காஞ்ச கல்லுல பாஸ்பேட் ஊறி இருக்கும், சுத்தமான தண்ணில சில வாரம் ஊற வச்சு, தண்ணிய மாத்தி மாத்தி, பாஸ்பேட் குறையறதை டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டு போட்டேன். கல்லை அடுக்கும்போது கண்ணாடிக்கும் கல்லுக்கும் நடுவுல ரெண்டு விரல் இடைவெளி விட்டது பின்னாடி ரொம்ப உதவிச்சு, பாசி சொரண்ட கை போகணும் இல்லயா. மணல் அரகோனைட், 2 செ.மீ. மட்டும்.

தொட்டி பழசு. பழைய தொட்டி வாங்கறதுல தப்பே இல்ல, ஆனா முன்னாடி செம்பு கலந்த மீன் மருந்து போட்டாங்களான்னு கேளுங்க, கல்லும் மணலும் அதைப் பிடிச்சு வச்சுக்கிட்டு மெதுவா வெளிய விடும். ரெண்டு நாள் தண்ணி நிரப்பி அடியில பேப்பர் விரிச்சு ஒழுகுதான்னு பாருங்க.

தண்ணி ஓட்டத்துக்கு ஓரத்துல தொங்குற சின்ன ஃபில்டர் ஒண்ணு, உள்ள ஒரு குட்டி பம்ப் ஒண்ணு. ஃபில்டருக்குள்ள பஞ்சு மட்டும், வாரா வாரம் மாத்திடறது, எப்பவாச்சும் கொஞ்சம் கார்பன்.

ஹீட்டரைப் பத்தி கொஞ்சம் நின்னு பேசணும். ஹீட்டருங்க கெட்டுப் போகும்போது சில நேரம் ஆஃப் ஆகாம ஒட்டிக்கும். 15 லிட்டர்ல 100 வாட் ஹீட்டர் அப்படி மாட்டிக்கிட்டா மணிக்கு 6 டிகிரி வரைக்கும் ஏறும், தூங்கி எழுந்திரிக்கிறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். 25 வாட்டா இருந்தா மணிக்கு ஒண்ணரை டிகிரி, அதுலயும் சூடு ஏற ஏற வெளிய போற வெப்பமும் ஜாஸ்தியாகும்ங்கிறதால இன்னும் மெதுவாத்தான் ஏறும், கவனிக்க நேரம் கிடைக்கும். சின்ன வாட் மலிவும் கூட. அதுக்கு மேல தனியா ஒரு தெர்மோஸ்டாட் போட்டு 25 டிகிரில வச்சேன், ரெண்டுல ஒண்ணு கெட்டாலும் இன்னொண்ணு நிறுத்தும். வெயில் காலத்துக்கு தண்ணி மேல அடிக்கிற மாதிரி ஒரு குட்டி ஃபேன், ஆவியாகற தண்ணியே சூட்டை எடுத்துட்டுப் போகும், 2, 3 டிகிரி எறங்கும், பதிலுக்கு தினமும் ஊத்த வேண்டிய தண்ணி கூடும். ஒயர் எல்லாம் பிளக்குக்குக் கீழ ஒரு வளைவு தொங்கி அப்புறம் மேல ஏறணும், ஒயர் வழியா எறங்கற சொட்டு அங்கேயே விழுந்துடும், பிளக்குக்குப் போகாது. உப்புத் தண்ணி கரண்டை நல்லா கடத்தும், கசிவு வந்தா தானா கட் ஆகுற பிரேக்கர் இல்லாத லைன்ல இந்தத் தொட்டிய வைக்காதீங்க.

லைட்டுக்குத்தான் மொத்தத்துல அதிக காசு போச்சு. நீலம் தூக்கலான ரீஃப் எல்ஈடி ஒண்ணு, கிளிப் மாடல். பவளத்துக்குள்ள இருக்கிற நுண்பாசிக்கு 400-ல இருந்து 480 நானோமீட்டர் வரைக்கும் உள்ள வெளிச்சம் நல்லா வேலை செய்யும். செடி வளர்க்கிற சிவப்பு, வெள்ளை லைட்டுல பவளம் சாகாது, ஆனா நிறம் மங்கி கண்ணாடில பாசிதான் செழிக்கும். பார் மீட்டர் (ஒளிச்சேர்க்கைக்கு உதவற வெளிச்சத்தை அளக்கிறது) யார்கிட்டயும் கிடைக்கல, பவளத்தையே மீட்டரா வச்சுக்கிட்டேன். மஷ்ரூம் மேல எக்கி புனல் மாதிரி நீண்டா வெளிச்சம் பத்தல, சுருங்கி வெளுத்தா ஜாஸ்தி. முதல்ல உயரத்துல வச்சு வாரத்துக்குக் கொஞ்சமா எறக்கினேன், நாளைக்கு 8 மணி நேரம்.

சைக்கிள், அப்புறம் பாசிங்க ஊர்வலம்

சைக்கிள்னா பவளம் வைக்கிறதுக்கு முன்னாடி, கழிவை மாத்தற பாக்டீரியாவை கல்லுல வளர்த்துக்கிறது. அமோனியம் குளோரைடு கரைசல் போட்டு 2 பிபிஎம் (பத்து லட்சத்துல 2 பங்கு) அமோனியாவுக்குக் கொண்டு வந்து விட்டாச்சு. முதல்ல அமோனியா எறங்கும், நைட்ரைட் ஏறும், அப்புறம் அதுவும் எறங்கி நைட்ரேட் தெரியும். போட்ட அமோனியா ஒரே நாள்ல காணாம போற நிலை வந்ததும், பாதிக்கு மேல தண்ணி மாத்திட்டு அடுத்த கட்டம். பொதுவா 3-ல இருந்து 6 வாரம் பிடிக்கும், இந்தக் காத்திருப்பைச் சுருக்க வழி தேடாதீங்க, லைவ் ராக் ஒரு துண்டு இருந்தாலே அது கொஞ்சம் வேகமாத்தான் நடக்கும்.

அடுத்து பழுப்பு நிற டயட்டம் பாசி மணல் மேல படர்ந்துச்சு, சிலிக்கேட் தீர்ந்ததும் தானா போச்சு. அப்புறம் பச்சை முடிப் பாசி, அதை கையால பிடுங்கினேன், சிரித், ட்ரோக்கஸ் நத்தை ரெண்டு மூணு விட்டேன். அப்புறம் சிவப்பு சயனோ (சயனோபாக்டீரியா படலம்) ஒரு மூலைல, அங்க தண்ணி ஓட்டம் மந்தமா இருந்துச்சு, பம்ப் வாயைத் திருப்பி விட்டு, படலத்தை ட்யூபால உறிஞ்சி எடுத்ததுல போயிடுச்சு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு மருந்து பாட்டில் விக்கறாங்க. ஒண்ணுமே வாங்கல. புதுத் தொட்டில இதெல்லாம் வந்து போறது இயல்பு, 15 லிட்டர்ல மருந்து ஒரு சொட்டு கூடினாலும் அது பெரிய டோஸ்.

பவளம் உள்ள வந்த விதம்

முதல்ல மஷ்ரூம், அது பிழைச்சு விரிஞ்சதுக்கு அப்புறம் ஸோவாந்திட், கடைசியா கிரீன் ஸ்டார் பாலிப். எல்லாம் தொட்டில வளர்ந்து வெட்டின ஃப்ராக் துண்டுங்க. கடல்ல இருந்து பிடுங்கின பவளம் வேண்டாம்னு சொல்றதுக்கு மனசு மட்டும் காரணம் இல்ல, கல் பவளம் முழுக்க சைட்டிஸ்ங்கிற, அழியற ஆபத்துள்ள உயிர்ங்களோட சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்துற ஒப்பந்தத்தோட 2-வது பட்டியல்ல இருக்கு, அதுபோக பவளம், லைவ் ராக் எடுக்கிறதுக்கும் வச்சுக்கிறதுக்கும் ஒவ்வொரு நாட்டுக்கும் தனிச் சட்டம் இருக்கு, தொட்டி வாங்கறதுக்கு முன்னாடியே உங்க ஊர் சட்டத்தைப் பாத்துடுங்க. இன்னொருத்தர் தொட்டில வளர்ந்த துண்டு மலிவும் கூட, கண்ணாடித் தொட்டி வாழ்க்கைக்கு ஏற்கனவே பழகினதும் கூட.

வந்த ஃப்ராக் எல்லாத்தையும் பூச்சியை விரட்டுற பவள டிப் கரைசல்ல முக்கி, அடியில ஒட்டியிருக்கிற பிளக்கை முடிஞ்சவரைக்கும் உடைச்சு எறிஞ்சுட்டுத்தான் உள்ள வைக்கிறது. ஐப்டேசியாவும் (வேகமா பெருகுற களை அனிமோன்) பூச்சி முட்டையும் பெரும்பாலும் அந்தப் பிளக்குலதான் ஒளிஞ்சு வரும்.

ஸோவாந்திட் பத்தி சத்தமா ஒண்ணு சொல்லணும். இந்தக் குடும்பத்துல சில வகைல, முக்கியமா பாலிதோவால, பாலிடாக்ஸின்னு ஒரு விஷம் இருக்கு. 1971-ல ஹவாய்ல பிரிச்செடுத்தாங்க, இயற்கைல கிடைக்கிற விஷங்கள்ல ரொம்ப கடுமையானதுல ஒண்ணு. வெட்டும்போது கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம், கையில வெட்டுக் காயம் இருந்தா அன்னைக்கு வேண்டாம். இது ஒட்டியிருக்கிற கல்லை சுத்தம் பண்றேன்னு வெந்நீர் ஊத்தறது, கொதிக்க வைக்கிறது, ஆவி அடிக்கிறது, காய வச்சு பிரஷ்ஷால தேய்க்கிறது எதுவும் செய்யவே கூடாது. ஆவியிலும் தெறிப்புலயும் விஷம் மூச்சுக்குள்ள போய் வீட்டுல இருக்கிற எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போன சம்பவங்க மருத்துவ இதழ்கள்ல பதிவாகியிருக்கு. சின்னக் குழந்தை, நாய், பூனை இருக்கிற வீடுன்னா மஷ்ரூமோட நிறுத்திக்கிட்டாலும் தொட்டி அழகாத்தான் இருக்கும்.

கிரீன் ஸ்டார் பாலிப்பை தனிக் கல்லுல, மணலுக்கு நடுவுல ஒரு தீவா வச்சேன். முக்கியக் கல்லுல ஒட்ட விட்டா அது மத்த எல்லாத்தையும் மூடிடும்.

ரெண்டு சிக்கல்

ஸோவாந்திட் கொத்துல ஒரு ஓரம் திறக்காமலே இருந்துச்சு. உப்பளவு சரி, ஆல்கலினிட்டி 8-க்கு மேல, வெப்பம் சரி, பக்கத்துல இருக்கிற மஷ்ரூம் நல்லா விரிஞ்சிருக்கு. எல்லாம் மூடினா தண்ணில கோளாறு, ஒரு கொத்துல ஒரு ஓரம் மட்டும் மூடினா அங்க யாரோ இருக்காங்கன்னு அர்த்தம். லைட் அணைஞ்சு ஒரு மணி நேரம் கழிச்சு டார்ச் அடிச்சுப் பாத்தா ஸோவாந்திட்டைத் தின்னுற நியூடிபிராங்க் (ஓடில்லாத கடல் நத்தை). தின்ன பாலிப்போட நிறமே அதுக்கும் வந்திருக்கும், பகல்ல கண்டுபிடிக்கிறது கஷ்டம். கொத்து கல்லோட வெளிய எடுத்து டிப், உள்ள இருந்த நாலஞ்சையும் இடுக்கியால எடுத்தாச்சு, அடில சுருளா ஒட்டியிருந்த முட்டையை பிளேடால சொரண்டியாச்சு. டிப் முட்டையைக் கொல்லாது, அதனால பொரிச்சு வர்ற நேரம் பாத்து, வாரம் ஒரு தடவைன்னு திரும்பத் திரும்ப டிப் பண்ணினேன். ஓரம் திறந்துச்சு. கல்லுல எல்லாத்தையும் பசை போட்டு நிரந்தரமா ஒட்டாம, கொத்துக் கொத்தா எடுக்கிற மாதிரி சின்ன கல்லுங்கள்ல வச்சிருந்ததாலதான் இது முடிஞ்சுது.

ரெண்டாவது சிக்கல் மீன் இல்லாததுக்கே உரியது, இதைப் பத்தி யாரும் போதுமான அளவு பேசறதில்ல. எல்லாரும் நைட்ரேட்டைக் குறைக்கத்தான் போராடறாங்க, இங்க அது 0. பாஸ்பேட்டும் 0. கேக்க நல்லாருக்கு, ஆனா மஷ்ரூம் சுருங்க ஆரம்பிச்சுது, நிறம் வெளிறுச்சு, மணல் மேல பழுப்புச் சளி மாதிரி இழை, அதுல குமிழி குமிழியா. ராத்திரி மறைஞ்சு பகல்ல திரும்ப வரும். டைனோஃபிளாஜெல்லேட்ங்கிற ஒரு செல் நுண்ணுயிர். சத்து தீர்ந்து போன தொட்டில மத்த பாசியும் பாக்டீரியாவும் பின்வாங்கும்போது இது அந்த இடத்தைப் பிடிக்கும். இதைப் பாத்து பயந்து இன்னும் தண்ணி மாத்தினா இன்னும் கூடும்.

பவளத்துக்குள்ள இருக்கிற நுண்பாசிக்கும் நைட்ரஜன், பாஸ்பரஸ் வேணும், திட்டுல அதை மீனுங்களோட கழிவு தருது. மீன் இல்லாத தொட்டில அந்த வேலையை நம்ம கைதான் செய்யணும். வாரம் ரெண்டு தடவை, உறைய வச்ச மைசிஸ் இறால் துணுக்கு மஷ்ரூமுக்கு ஒண்ணொண்ணு, ஒரு சிட்டிகை பவளத்துக்கான தூள் தீனி தண்ணில. தண்ணி மாத்தறதை கொஞ்ச நாளைக்கு நிறுத்தினேன், வெளிச்ச நேரம் குறைச்சேன், இழைய ட்யூபால உறிஞ்சி மெல்லிய துணில வடிகட்டி அதே தண்ணியைத் திரும்ப ஊத்தினேன். நைட்ரேட் 5 பிபிஎம் பக்கமும் பாஸ்பேட் 0.05 பிபிஎம் பக்கமும் வந்து நின்னதும் சளி மெல்ல மெல்லக் காணாம போச்சு, மஷ்ரூம் முன்ன இருந்ததை விட அகலமா விரிஞ்சுது.

இதுக்கு ஒரு எளிய கணக்கு இருக்கு. வாரம் தீனியால ஏறுற நைட்ரேட்டை, மாத்தற தண்ணியோட பங்கால வகுத்தா, கடைசில எந்த இடத்துல போய் நிக்கும்னு வரும். வாரம் 2 பிபிஎம் ஏறி 10 சதவீதம் தண்ணி மாத்தினா 20-ல நிக்கும், 25 சதவீதம்னா 8, பாதிக்குப் பாதி மாத்தினா 4. கல்லும் பவளமும் எடுத்துக்கிறது போக நிஜத்துல இன்னும் கம்மியா இருக்கும். 15 லிட்டர்ல பாதின்னா ஏழரை லிட்டர், ஒரு பக்கெட் கூட இல்ல. பெரிய தொட்டில நினைச்சுக் கூடப் பாக்க முடியாத பங்கை இங்க தூக்கி மாத்திடலாம், அதுதான் மெஷின் இல்லாம ஓட்ட முடியறதுக்கு அடிப்படை. புதுத் தண்ணியோட உப்பளவும் வெப்பமும் உள்ள இருக்கிறதோட பொருந்தணும், அவ்வளவுதான்.

எடுக்கிற பழைய தண்ணி, பிடுங்கின பாசி எதையும் கடல்லயோ கால்வாய்லயோ கொட்டாதீங்க. 1984-ல மொனாக்கோ கரையில முதல்ல கண்ட கௌலெர்ப்பா டாக்ஸிஃபோலியா தொட்டிகள்ல வளர்த்த பாசி, அப்புறம் மத்தியத் தரைக்கடல்ல எவ்வளவு பரவிச்சுன்னு ஊருக்கே தெரியும். தண்ணி வீட்டுச் சாக்கடைக்கு, பாசி காஞ்சு குப்பைக்கு.

செலவு எங்க போச்சு, எங்க மிஞ்சுச்சு

வரிசைன்னா லைட் முதல்ல, அப்புறம் ரிஃப்ராக்டோமீட்டரும் டெஸ்ட் கிட்டும், அப்புறம் ஹீட்டரும் தெர்மோஸ்டாட்டும். தொட்டி, கல்லு, மணல், பம்ப் எல்லாம் சேந்தும் லைட்டை விடக் கம்மி. டெஸ்ட் கிட்டுல ஆல்கலினிட்டி, நைட்ரேட், பாஸ்பேட் மூணு சொந்தமா வேணும். அமோனியா கிட் ஆரம்பத்துக்கு மட்டும்தான், கடன் வாங்கினா போதும். கால்சியம், மெக்னீசியம் டெஸ்ட் சாஃப்ட் கோரல் தொட்டிக்கு அவசியம்னு தோணல, ஆல்கலினிட்டி நிலையா இருந்து வாரா வாரம் தண்ணி மாறுதுன்னா அதுங்களும் நிலையாத்தான் இருக்கும். மாசாமாசம் ஆகுற செலவுன்னா உப்பு, தண்ணி, பஞ்சு, கொஞ்சம் கரண்ட். அவசரத்துக்கு பேட்டரில ஓடுற குட்டி ஏர் பம்ப் ஒண்ணு, விலை கம்மி, இல்லாம ஓட்ட வேண்டாம்.

இதே காசுல மீன் வச்சே தீரணும்னு நினைக்கிறவங்க தொட்டியைப் பெருசாக்குங்க, பவளத்தைக் கொறைச்சுக்குங்க, 15 லிட்டர்ல ரெண்டையும் திணிக்காதீங்க.

இப்போ கிரீன் ஸ்டார் பாலிப் தீவுக் கல்லை முழுசா மூடி பக்கவாட்டுல தொங்குது, அடுத்த தண்ணி மாத்தற அன்னைக்கு அதை ரெண்டா வெட்டி பாதி குடுக்கணும். அந்த இடத்துல ஒரு பாம்பாம் நண்டு விடலாம்னு இருக்கேன். ரெண்டு கொடுக்குலயும் ஆளுக்கொரு குட்டி அனிமோனைப் பிடிச்சுக்கிட்டு திரியற ஜீவன், ஒண்ணு தொலைஞ்சா மிச்சம் இருக்கிறதை ரெண்டா பிச்சு வளர்த்துக்கும், இந்த சைஸ் தொட்டிக்கு அது அளவானது, வீசற மைசிஸ் துணுக்குலயே அதுக்கும் சாப்பாடு ஆயிடும். செக்ஸி இறாலும் யோசிச்சேன், அது சில தொட்டில ஸோவாந்திட்டைக் கொறிக்குதுன்னு பதிவாகியிருக்கு, இப்போதான் அந்த ஓரம் மறுபடி திறந்திருக்கு, அதனால அது வேண்டாம்.